மாஸ்டர் சலூனில் ஸ்ட்ராபெர்ரி

ஷட்டரை முக்கால்வாசி இறக்கி வைத்தாலும் அந்த வெளிச்சம் தெருவுக்கு வழிந்துவிடும். ரோஜா நிறம் என்று சொல்ல முடியாது, ஊதா என்றும் சொல்ல முடியாது. பீட்ரூட் வெட்டிய கையைக் கழுவினால் தொட்டித் தண்ணீர் ஒரு நிறம் கொள்ளுமே, அந்த நிறம். தெருவில் போகிறவர்கள் குனிந்து ஒரு பார்வை பார்க்காமல் போவதில்லை. பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போவதும் இல்லை.

"என்ன மாஸ்டர், உள்ள டிஸ்கோவா?"

"ஷூட்டிங்காம்ப்பா. செடிதான் கதாநாயகி."

"பொண்ணைப் படிக்க வெச்சாரு மனுஷன். அது வந்து சலூன்ல கீரை போடுது."

கீரை இல்லை, ஸ்ட்ராபெர்ரி. எத்தனை தடவை சொன்னாலும் அவர்களுக்கு அது கீரைதான். டிகிரி திருத்துவதை விட்டுவிட்டாள்.

டிகிரி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அப்பா வழியிலும் அம்மா வழியிலும் சல்லடை போட்டுச் சலித்தாலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். தாவரவியல். பட்டம் வாங்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்த அன்று எதிர்க் கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, "எங்க தெரு டிகிரி வருது, வழி விடுங்கய்யா!" என்று கத்தினார். பெருமையாகத்தான் கத்தினார். வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களில் அதே பெயர் மற்றவர்கள் வாயில் புளித்துப்போனது. "டிகிரி, கடைக்கா போற? டிகிரி, தண்ணி பிடிக்கவா வந்த?" படிக்காதவன் சும்மா இருந்தால் அது விதி, படித்தவள் சும்மா இருந்தால் திமிர். அப்புறம் குத்தலும் மழுங்கி, வெறும் பெயராக நின்றுவிட்டது.

கடைசியில் கிடைத்த வேலை ஊருக்கு வெளியே ஒரு கிடங்கில். ஜன்னலே இல்லாத கட்டடம். உள்ளே வெயில் இல்லை, மண் இல்லை, ஒரு ஈ இல்லை. அடுக்கடுக்காக விளக்கு, விளக்குக்குக் கீழே ஸ்ட்ராபெர்ரி. செடி விடும் கொடிகளை வெட்டுவதுதான் அவளுடைய வேலை. வெட்டிய கொடியின் கணுவில் குட்டிச் செடி ஒன்று இருக்கும். வேர்விடத் துடிக்கும் அதையும் சேர்த்துக் குப்பையில் போடச் சொல்வார்கள். அவள் தினமும் நாலைந்தை ஈரத்துணியில் சுருட்டிச் சாப்பாட்டு டப்பாவில் வீட்டுக்குக் கொண்டு வந்தாள். ஒரு நாள் தண்ணீர் குடிக்கப் போன ஒரு பெண்ணை சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் அசிங்கமாகப் பேசினான். டிகிரி அதே பாஷையில் அவனுக்குத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் அவனுக்கு வேலை இருந்தது, இவளுக்கு இல்லை.

டப்பாவில் வந்த குட்டிகள்தான் இப்போது சலூனில் நிற்கின்றன.

செடி வளர்க்க வீட்டின் பின் அறையே போதும். அம்மாவும் அதைத்தான் சொன்னாள். டிகிரி கேட்கவில்லை. "சலூன்ல ஏசி இருக்கு. இதுக்குக் குளிர்ச்சி வேணும். கண்ணாடி இருக்கு, வெளிச்சம் திரும்ப வந்து இலைமேல விழும்" என்று பாடம் நடத்தினாள். சொன்னது பொய்யில்லை. ஆனால் உள்ளே வைத்திருந்தது வேறு. அப்பாவின் காலை எப்படியாவது மறுபடி அந்தக் கடைக்குள் வைக்க வேண்டும். செடியெல்லாம் அதற்குத் தூண்டில் புழு.

ஏனென்றால் ஒரு வருடமாக அப்பா தேய்ந்துகொண்டிருந்தார்.

தெருவே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். அவர் கத்திரி பிடித்தால் சத்தம் கேட்டே இது மாஸ்டர் என்று சொல்லிவிடலாம், அப்படி ஒரு தாளம். எத்தனையோ பேர் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டிய கை அது. அந்தக் கை முதலில் சோப்பு நுரை கலக்கும்போது நடுங்கியது. அப்புறம் சீப்பு பிடிக்கும்போது. ஒரு காலையில் தையல்காரரின் காது மடலில் கத்திரி நுனி பட்டு, ஒரு அரிசி அளவு சதை போய்விட்டது. தையல்காரர் காதைத் துணியால் அழுத்திக்கொண்டு சிரித்தார். "விடுங்க மாஸ்டர், மடல்தானே. கேக்குற ஓட்டை பத்திரமா இருக்கு." அப்பா சிரிக்கவில்லை. மூன்று பக்கமும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கை நடுங்குவது தெரிந்தது. அவரே போய் ஷட்டரை இறக்கினார்.

அதன்பிறகு அந்த வீட்டுக்கென்று எழுதாத சட்டம் ஒன்று உண்டாகிவிட்டது. டாக்டர் கொடுத்த மாத்திரைக்குச் சத்து மாத்திரை என்று பெயர். அம்மா டீ ஊற்றினால் எல்லாருக்கும் டம்ளர் முழுக்க, அவருக்கு மட்டும் பாதி. சட்டைப் பொத்தான்களைத் தையல்காரர், யாரும் கேட்காமலே, அமுக்கினால் ஒட்டும் பட்டனாக மாற்றிக் கொடுத்தார். எதற்கு என்று இவர் கேட்கவில்லை, இதற்கு என்று அவர் சொல்லவில்லை. எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான் அப்பா, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சாப்பிட்டார். மற்ற நேரத்தில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார், வகுப்பில் அடிவாங்கிய பிள்ளை மாதிரி. நடுக்கம் என்ற சொல்லை மட்டும் யாரும் உச்சரிப்பதில்லை.

தூண்டிலில் மீன் மெல்லத்தான் விழுந்தது. முதல் வாரம் அப்பா வாசலோடு நின்றார். அப்புறம் உள்ளே வந்து, நடுவில் தரையோடு போல்ட் போட்டு நிற்கும் அவருடைய சுழல் நாற்காலியில், வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்தார். இடப்பக்கம் ஒரு ரேக், வலப்பக்கம் ஒரு ரேக். தேங்காய் நார் நிரப்பிய பைகளில் வரிசையாகச் செடிகள். இலைகள் கண்ணாடியைப் பாதி மறைத்துவிட்டன. அதனால்தானோ என்னவோ, அவர் நேரம்போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன, மீசை மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது?" என்று ஒரு நாள் கேட்டார்.

"கொடிப்பா. விட்டா செடியோட சத்தையெல்லாம் உறிஞ்சிடும். பழம் வராது. இப்படி வெளிய நீட்டுறதையெல்லாம் வெட்டிடணும்."

"ஓஹோ. ஓரம் ஒதுக்குற மாதிரி."

"அதேதான்."

அவ்வளவுதான் பேச்சு. டிகிரிக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல். அப்பா ஒரு கேள்வி கேட்டுவிட்டாரே!

செடிகள் மொட்டு வைத்தபோது அவள் கேக் அக்காவைப் பார்க்கப் போனாள். மெயின் ரோட்டு முனையில் கேக் கடை வைத்திருக்கும் அந்த அம்மாளுக்கு மாவு படியாத இடம் உடம்பில் கிடையாது. பெரிய கேக்குகளின் தலையில் வைக்க அவளுக்கு நல்ல பழம் வேண்டும். வெளியூரிலிருந்து வருவது பாதி வழியிலேயே நசுங்கிப்போகிறது.

"இங்க பாரு டிகிரி, ருசி எனக்கு ரெண்டாவது. கேக்குக்கு மேல உக்கார்றது முகம் பாக்குற மாதிரி இருக்கணும். கல்யாணப் பொண்ணுக்குப் பக்கத்துல நிக்கப்போகுது அது."

"இருக்கும்க்கா."

"நீயே பறிச்சு நீயே கொண்டு வருவியா?"

"நாலு எட்டு வெச்சா உங்க கடை. செடியில இருந்து நேரா உங்க கைக்கு."

"அப்ப கொண்டா. எனக்குப் பிடிச்சா வேற யார்கிட்டயும் நான் போகல."

காற்றில் மிதந்தபடி வந்தாள். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் பழைய வெள்ளை ஏப்ரன். ஒரு கையில் துடைப்பம். இடப்பக்க ரேக் முழுக்க, மேலிருந்து கீழ்வரை, ஒரே கோட்டில் கிருதா எடுத்த மாதிரி சீராக நின்றது. ஒரு நீட்டல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. தரையில் ஒரு முடி அளவு குப்பை இல்லை; எல்லாம் மூலையில் குவித்துக் கூட்டப்பட்டிருந்தது. பச்சைக் காம்புகள். இறுக மூடிய மொட்டுகள். நடுவில் மஞ்சள் வைத்த வெள்ளைப் பூக்கள் சில.

"சரியா வந்திருக்கா பாரு" என்றார் அப்பா. ஒரு வருடமாகக் காணாமல்போயிருந்த ஒரு முகத்தோடு சொன்னார்.

அவள் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. மூலையைத்தான் பார்த்தாள்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்க?"

"கொடிம்மா. வெளிய நீட்டிக்கிட்டு..."

"இதுவா கொடி? இது பூக்காம்பு! இதுல வர்றதுதான் பழம்! மொத்த ரேக்கையும் மொட்டை அடிச்சு வெச்சிருக்க!"

"நுனியில குண்டா இருந்துச்சு... குட்டிச் செடின்னு..."

"தெரியலன்னா கேக்கணும்ல? இப்பத்தான் அந்தக்கா கொண்டு வான்னாங்க. எதைக் கொண்டுபோவேன், உன் தலையையா? நடுங்குற கையை வெச்சுக்கிட்டு உன்னை யாரு கத்திரி எடுக்கச் சொன்னா?"

அப்பா கத்திரியைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். விட்டுவிடுவதற்குள் அது கண்ணாடியில் கடகடவென்று தட்டி ஓய்ந்தது. ஏப்ரன் முடிச்சை அவிழ்க்க முயன்றார். வரவில்லை. அதோடேயே வெளியே போனார்.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. வெந்நீரிலும் சோடாவிலும் ஊறிய விரல்களோடு சாயங்காலம் வீடு வந்தவள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் கணவனையும் அவர் இடுப்பில் கிடக்கும் ஏப்ரனையும் பார்த்தாள். முடிச்சை அவிழ்த்தாள். அப்புறம் சலூனுக்கு வந்தாள்.

"என்னடி சொன்ன அவரை?"

டிகிரி ஒளிக்காமல் சொன்னாள். அவளுக்கு ஒளிக்க வராது.

அம்மா வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். "அந்த வார்த்தையை ஒரு வருஷமா நான் வாசல்லயே நிறுத்தி வெச்சிருந்தேன். நீ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து நடு வீட்டுல உக்கார வெச்சிட்ட."

"பூவையெல்லாம் வெட்டிட்டாரும்மா. முழுசா ஒரு ரேக்."

"வெட்டினார். எதை வெச்சு வெட்டினார்?"

"என்ன கேக்குற? கத்திரியாலதான்."

"ஆமா. அந்த மனுஷன் கத்திரி எடுத்தார்." அம்மா மூலையில் கிடந்த குவியலைப் பார்த்தாள். "டெய்லர் அண்ணன் காதுல பட்ட அன்னைக்குக் கீழ வெச்சது. நான் கெஞ்சியிருக்கேன், தொடமாட்டேன்னுட்டார். இன்னைக்கு அவரா எடுத்திருக்கார். கூட்டிப் பெருக்கியிருக்கார். நீ பூவைப் பாத்த. படிச்சவ இல்ல? பூ மட்டும்தான் தெரியும்."

டிகிரிக்கு அம்மாவின்மேல் கோபம் வந்தது, அப்பாவின்மேல் வந்தது, கிடங்கு சூப்பர்வைசர்மேல் வந்தது. 'வெளிய நீட்டுறதையெல்லாம் வெட்டிடணும்' என்று சொன்னவள் யார் என்று ஞாபகம் வந்தபோது கோபத்துக்குப் போக வேறு வீடு இல்லாமல் அவளிடமே திரும்பி வந்தது.

அலமாரியில் இருந்த கத்திரியை எடுத்துப் பார்த்தாள். எண்ணெய் போட்டிருந்தது. அன்று போட்டதில்லை, புதிதும் பழையதுமாகப் பலநாள் போட்ட எண்ணெய். எடுக்கத் தைரியம் வராத நாளெல்லாம் எண்ணெய் மட்டும் போட்டு வைத்திருக்கிறார்.

அப்பா அதன்பிறகு சலூன் பக்கம் வரவில்லை.

தையல்காரர் மட்டும் வந்தார். கடை மூடிய பிறகும் தினமும் காலையில் அதே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டுப் போகிறவர் அவர். தலைமுடி காதை மூடிக் கழுத்துக்கு வந்துவிட்டது. அந்த வெளிச்சத்தில் அவர் நரை முடியெல்லாம் ரோஸ் நிறமாகத் தெரியும்.

"உங்களுக்கு முடி வெட்டிக்கணும்னு தோணலையா மாமா? பாக்கச் சகிக்கல."

"வெட்டிக்கணும். அடுத்த தெருவுல ஒருத்தன் இருக்கான். ஒரு நாள் போய் உக்காந்துட்டேன்கூட. துண்டைப் போத்தினான் பாரு, எனக்கு என்னமோ பெண்டாட்டிக்குத் தெரியாம வேற வீட்டுல சாப்பிட உக்காந்த மாதிரி ஆயிடுச்சு. எழுந்து வந்துட்டேன்."

"அப்பாதான் உங்க காதை நறுக்குனவரு."

"அதுக்காக? கட்டினவ சூடு போட்டா வேற வீட்டுக்குப் போயிடுவோமா?" பேப்பரை மடித்தார். "பாப்பா, நான் ஒண்ணு சொல்லட்டா? நீ அவர்கிட்ட போய் மன்னிப்புக் கேக்காத."

"ஏன்?"

"கேட்டா அவர் 'பரவால்லம்மா'ன்னுடுவார். அதோட முடிஞ்சிடும் கதை. கதவைச் சாத்திட்டு உள்ளயே இருந்துடுவார். வேற எதாவது கேளு. அவரால தர முடியுறது எதையாவது கேளு."

என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. வலப்பக்க ரேக்கில் பழம் பிடித்திருந்தது. வெளியே வயலில் என்றால் தேனீ பார்த்துக்கொள்ளும்; இங்கே ஈ கூட இல்லாததால் அவளே ஒவ்வொரு பூவிலும் சின்ன பிரஷ்ஷால் தடவி மகரந்தம் சேர்த்திருந்தாள். தடவியது அவசரத்தில், மனது எங்கோ இருக்க. பழுத்தபோது அந்த அவசரம் பழத்தில் தெரிந்தது. ஒன்றுக்கு ஒரு கன்னம் உப்பி மறு கன்னம் ஒட்டிக்கிடந்தது. ஒன்று முஷ்டி மடக்கிய மாதிரி. ஒன்றுக்கு நுனியே இல்லை. பிரஷ் படாத இடமெல்லாம் வளராமல் சூம்பிப்போயிருந்தது.

இருந்தாலும் கொண்டுபோனாள். கேக் அக்கா ஒன்றைக் கடித்தாள். கண்ணை மூடினாள். "ருசி அள்ளுது." இன்னொன்றைத் தூக்கிப் பிடித்தாள். "ஆனா இதைப் பாரு, பல்வலி வந்தவன் மாதிரி கன்னம் வீங்கி நிக்குது. இதை எப்படி நான் கேக்குமேல வைக்கிறது? ஜாமுக்கு எடுத்துக்கிறேன். முகம் வந்ததும் வா."

"முகமும் ருசியுமா எல்லாருக்கும் அமையுதாக்கா?"

"கோவிச்சுக்காத. நான் கதவை மூடிட்டேன்னா சொன்னேன்? வான்னுதானே சொல்றேன்."

திரும்பி வந்தபோது இடப்பக்க ரேக்கைப் பார்த்தாள். அப்பா மொட்டையடித்த செடிகள் சும்மா இருக்கவில்லை. வெட்டிய இடத்துக்குப் பக்கத்திலிருந்தே புதுக் காம்புகளை நீட்டி, தலைதலையாக மொட்டு வைத்திருந்தன. முடி மாதிரிதான். வெட்டினால் வளராதா என்ன.

அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். கேட்க வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டது.

வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சுவரைப் பார்த்து. டிகிரி போய் அவருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கரண்டி நின்றது.

"சாப்பிட்டு முடிச்சிடுறேன், இரு."

"சாப்பிடு. நான் பாத்தா உள்ள இறங்காதா?"

அவர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் விட்டார்.

"நீ வெட்டின ரேக் பூத்திருக்குப்பா."

"சரிம்மா."

"பிரஷ் வெச்சு ஒவ்வொரு பூவா தடவணும். என்னால முடியல. எனக்குப் பொறுமை கிடையாது, உனக்கே தெரியும். நான் தடவினதெல்லாம் கோணலா வந்திருக்கு. நீ வந்து செய்."

அப்பா அவளைப் பார்த்தார். "இந்தக் கையாலயா?"

"அந்தக் கையாலதான்."

"ஏம்மா, மறுபடியும் கெடுத்து வெச்சிட்டு நான் எங்க போய் முட்டிக்கிறது?"

"கிடங்குல இதுக்கு ஒரு மிஷின் வெச்சிருந்தாங்க. குச்சி மாதிரி இருக்கும். சுவிட்சைப் போட்டா நுனி நடுங்கும். பூமேல வெச்சா மகரந்தம் தானா உதிர்ந்து எல்லாப் பக்கமும் படும். அது மாதிரி நடுங்கணும். என் கை விறைப்பா இருக்கு, கட்டை மாதிரி. ஒரு பக்கம்தான் படுது."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது, அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைச் சமாதானம் பண்ணக் கதை விடுறியா?"

"நான் என்னைக்குப்பா உன்னைச் சமாதானம் பண்ணியிருக்கேன்?"

அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்து உடனே அடங்கியது.

"அது நெசந்தான்" என்றார் அப்பா. கையை வெளியே எடுத்துப் பார்த்தார். அவள் முன்னால், ஒளிக்காமல். அது தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. "நீ அன்னைக்குக் கத்தினது எனக்கு வலிச்சுது. இல்லேன்னு சொல்லல. ஆனா ஒரு வருஷமா இந்த வீட்டுல எல்லாரும் நுனிக்கால்ல நடந்தீங்க பாரு, அது இன்னும் வலிச்சுது. டெய்லர் பட்டனை மாத்துறான். நான் குருடன் மாதிரி போட்டுக்கிறேன். எனக்குத் தெரியாதா, என் கைக்கு என்னன்னு?"

"அப்ப நாளைக்கு வர்றியா?"

"எந்த பிரஷ்ஷு?"

"படம் வரையுற பிரஷ். சின்னது."

"அதெல்லாம் வேலைக்காகாது. முகத்துல படுற பிரஷ் எப்படி இருக்கணும்னு எனக்குத் தெரியும். என் டப்பாவுல இருக்கு, நான் எடுத்துட்டு வர்றேன்."

மறுநாள் அவர் ஏப்ரன் கட்டிக்கொண்டு வந்தார். முடிச்சு அம்மா போட்டது. சவர நுரை போடும் பழைய பிரஷ் ஒன்றை மயிர் உதிர்த்து, மெலிதாக்கி, நூல் சுற்றி வைத்திருந்தார். எப்போது செய்தாரோ. சுழல் நாற்காலியைத் தாழ இறக்கி ரேக்குக்கு எதிரே திருப்பி உட்கார்ந்தார். முதல் பூவைப் பிடிக்கும்போது விரல் தவறியது. இரண்டாவது தடவையும் தவறியது. டிகிரி நாக்கைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றாள். உதவிக்குப் போகாமல் நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

மூன்றாவது தடவை காம்பு இரண்டு விரலுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது.

"சார், தலையைக் கொஞ்சம் நிமித்துங்க" என்றார் அப்பா பூவிடம்.

பிரஷ் பூவின் மஞ்சள் நடுவில் படிந்து, தன்பாட்டுக்கு, சன்னமாக நடுங்கியது. பொடி பறந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது கண்ணுக்குத் தெரிந்தது.

"எவ்வளவு நேரம் வைக்கணும்?"

"போதும்ப்பா."

"நீ சும்மா இரு. எனக்குத் திருப்தி வரட்டும்." சுற்றிச் சுற்றித் தடவினார். "பின்னாடி சரியா இருக்கான்னு கண்ணாடியில காட்டணும் உங்களுக்கு. சரி, அடுத்தது யாரு? வாங்க."

வரிசை முடிய மத்தியானம் ஆகிவிட்டது. தினமும் புதிதாக எது விரிந்ததோ அதற்கெல்லாம் அவர் வந்தார். சில நாள் கை ரொம்ப மோசமாக இருக்கும். பூவே உதிர்ந்து விழும். அன்றைக்குப் பிரஷ்ஷை வைத்துவிட்டு, "இன்னைக்குக் கடை லீவு" என்று தையல்காரரோடு பேப்பர் படிப்பார். மாத்திரையின் பெயர் வீட்டில் மாத்திரை என்றே ஆகிவிட்டது.

பழம் முதலில் பச்சையாக, அப்புறம் வெள்ளையாக, அப்புறம் ஒரு ஓரத்தில் மட்டும் வெட்கப்பட்ட மாதிரி நிறம் பிடித்தது. டிகிரி ஒவ்வொரு நாளும் விளக்கை ஒரு நிமிடம் அணைத்து, டார்ச் வெளிச்சத்தில் பார்த்தாள். அந்த விளக்கு வெளிச்சத்தில் எது சிவப்பு எது கருப்பு என்றே தெரியாது. கேக் அக்கா ஒரு காலையில் தானே வந்து நின்றாள். ஷட்டரை முழுக்க ஏற்றச் சொன்னாள். பகல் வெளிச்சம் ரேக்கின் மேல் விழுந்தது.

சிவப்பு. தோளில் அகலமாகி, சீராகச் சரிந்து, நுனியில் முடிந்த பழங்கள். எல்லாமும் இல்லை, நடுவில் ஒன்றிரண்டு வாய் கோணித்தான் நின்றன.

"இது யாரு கை?" என்றாள் கேக் அக்கா.

"அப்பா."

"மாஸ்டரா? அதானே பார்த்தேன். ஒரே அளவுல வெட்டினாப்புல இருக்கு." தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "அடுத்த பறிப்பும் எனக்குத்தான். வேற யாருக்காவது குடுத்தேன்னு கேள்விப்பட்டேன், உன் டிகிரியைக் கிழிச்சுப்புடுவேன்."

பழத்தின் அந்த வடிவம் நடுக்கத்தால் வந்ததா, அந்த மனுஷனுடைய பொறுமையால் வந்ததா என்று தாவரவியல் படித்தவள் யோசித்துப் பார்த்தாள். சோதித்துப் பார்க்க வழி இருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

கேக் அக்கா போன பிறகு தையல்காரர் ஒரு கோணல் பழத்தைக் கேட்டு வாங்கினார். பக்கத்தில் மடல் போன தன் காதை வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். "அண்ணன் தம்பி மாதிரி இருக்கோம்."

அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் தலையைப் பார்த்தார். "டெய்லரே, அடுத்த தெருவுக்குப் போய் முடியை வெட்டிக்க."

"என்ன மாஸ்டர் இப்படிச் சொல்லிட்டீங்க?"

"நல்லாத்தான் சொல்றேன். என் கை இனிமே அதுக்கு வராது. நீ எனக்காகக் காடு வளர்த்துக்கிட்டு வந்து உக்காந்தா, நான் தினமும் அதைப் பாத்துக்கிட்டே இருக்கணுமா? போ. அந்தப் பையன் நல்ல தொழில்காரன்தான்."

"பேசமாட்டேங்கிறான் மாஸ்டர். காதுல ஒயரை மாட்டிக்கிட்டு அவன்பாட்டுக்கு வெட்டுறான்."

"வெட்டிட்டு இங்க வந்து பேசு. பேச்சுக்கு என்ன, கடை திறந்துதானே இருக்கு."

தையல்காரர் தலையைக் கோதிக்கொண்டார். கண் கலங்கியதை மறைக்கப் பழத்தை வாயில் போட்டார். "புளிக்குதுய்யா" என்றார். அது புளிக்கவில்லை.

அம்மா டீ கொண்டு வந்தாள். அன்று அவளுக்கு வார லீவு. தட்டில் நான்கு டம்ளர். தையல்காரருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. நான்காவதை, எப்போதும்போல யாரையும் பார்க்காமல், அலமாரியில் கத்திரிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அப்பா அதை எட்டிப் பார்த்தார்.

"என்ன இது?"

"டீ."

"தெரியுது. பாதிதான் இருக்கு."

தையல்காரர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"எனக்கு மட்டும் என்ன, வீட்டுல பால் தீந்துபோச்சா? ரொப்பு."

அம்மா தன் டம்ளரை எடுத்து அவருடையதில் சாய்த்தாள். விளிம்புவரை ஊற்றினாள். அதற்கும் மேலே கொஞ்சம் ஊற்றினாள்.

அப்பா டம்ளரை எடுத்தார். எல்லாக் கண்ணாடியிலும் எடுத்தார். டீ விளிம்பைத் தாண்டி விரல்மேல் வழிந்தது, வெள்ளை ஏப்ரனில் சொட்டியது, தரையில் விழுந்தது. வாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் பாதி போய்விட்டது.

"சூடா இருக்கு" என்றார். உறிஞ்சினார். "சர்க்கரை கம்மி."

"குடிங்க. வாய் கொழுப்புக்குக் குறைச்சல் இல்ல" என்றாள் அம்மா.

டிகிரி துடைப்பத்தையும் ஈரத்துணியையும் தேடி எழுந்தாள்.

"உக்காரு" என்றார் அப்பா. "என் கடை. நான் துடைச்சுக்கிறேன்."